ஹெவ்ம்னோ பிறந்தது எந்த ஆண்டில், எந்த இடத்தில்?

போலந்தின் ஹெவ்ம்னோ பற்றி நீங்கள் கேட்டது இது: ஒரு கையேட்டில் ஊர் தோன்றிய ஆண்டு 1065 என்று இருக்கிறது, இன்னொன்றில் 1222, மூன்றாவதில் 1233, வேறோரிடத்தில் 1253. எது சரி? நிறுவியவர்கள் போலந்துக்காரர்களா, ஜெர்மானியர்களா? விஸ்துலா ஆற்றங்கரை ஊர் என்கிறார்கள், படத்தில் மட்டும் ஏன் மேட்டின் உச்சியில் நிற்கிறது? தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஓர் ஊர் பிறந்தது என்று எதை வைத்துச் சொல்வது? மக்கள் குடியேறிய நாளையா, பெயர் முதன்முதலில் ஏட்டில் ஏறிய நாளையா, ஊருக்குச் சட்டம் கிடைத்த நாளையா, இன்றைய தெருக்களுக்குக் கயிறு பிடித்த நாளையா? நீங்கள் பார்த்த நான்கு ஆண்டுகளும் இந்த விதமான வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். அதனால்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

என் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால நகரங்களின் மனைப்பிரிவையும் நில அளவையையும் படித்தவன், பல ஆண்டுகளாக அதையே வகுப்பில் நடத்துகிறவன். இந்த ஊரின் சாசனத்தை லத்தீனில் அச்சுப் பதிப்பு வழியாக வாசித்திருக்கிறேன். அகழாய்வு என் துறை அல்ல. மண்ணுக்கடியில் கிடைத்தவை பற்றிக் கீழே நான் சொல்வதெல்லாம் தோண்டியவர்களின் அறிக்கையை நம்பிச் சொல்வது.

சுருக்கமான விடை வேண்டுமென்றால், சட்டப்படி நகரமான நாள், அதாவது நகர உரிமைச் சாசனம் கிடைத்த நாள், 1233 டிசம்பர் 28. அதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாசனம் கொடுக்கப்பட்டபோது நகரம் இன்றைய இடத்தில் இல்லை. இன்று நீங்கள் படத்தில் பார்க்கும் சந்தைத் திடலும் மதிலும் அதற்குப் பிறகு வேறொரு மேட்டில் எழுந்தவை. சாசனத்துக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே அதே பெயரில் ஒரு பெரிய கோட்டைக் குடியிருப்பு இருந்தது, அதுவும் வேறோர் இடத்தில். ஊர் என்று ஒன்றைச் சொன்னாலும் இடம் என்று மூன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நிலத்தைப் புரிந்துகொண்டால் வரலாற்றில் பாதி தானாக விளங்கும். விஸ்துலா வார்சாவைக் கடந்து வடமேற்காக ஓடித் தோருன் வழியாக பிட்கோஷ்ச் வரை வருகிறது. அங்கே ஃபோர்டோன் என்ற இடத்தில் சட்டென்று வடகிழக்காகத் திரும்பிக் கடலை நோக்கிப் போகிறது. பனியுகத்தின் முடிவில் வடக்கே பனித்தகடு வழியை அடைத்து நின்றபோது, உருகிய நீரெல்லாம் மேற்கே நோடெச், வார்த்தா ஆறுகள் ஓடும் பள்ளம் வழியாக ஓடர் பக்கம் போயிற்று. பனி பின்வாங்கியதும் ஆறு ஃபோர்டோனில் உடைத்துக்கொண்டு வடக்கே இறங்கியது. ஆற்றின் பள்ளத்தாக்கு இன்றைய ஆற்றுக்குப் பொருந்தாத அளவு அகலமாகவும், அதன் ஓரங்கள் செங்குத்தாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தத் திருப்பத்துக்குப் பிறகு வலது கரையில், பனி விட்டுச் சென்ற களிமண் மேட்டின் விளிம்பில் ஹெவ்ம்னோ நிற்கிறது. எதிர்க்கரையில் ஷ்வியெச்சே. தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் தோருன், வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் குரூஜோன்ட்ஸ்.

மேட்டின் விளிம்பு பல இடங்களில் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 50 மீட்டர் அளவுக்கு எழும்புகிறது. மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்கள் அந்த விளிம்பைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. அப்படி மூன்று பக்கமும் சரிவாக, ஒரு பக்கம் மட்டும் மேட்டுநிலத்தோடு ஒட்டியிருக்கும் ஒரு துண்டு கிடைத்தால் கோட்டை கட்டுபவனுக்குப் பாதி வேலை முடிந்தது. நகரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே தாழ்வான வெள்ளச் சமவெளி. கரை கட்டுவதற்கு முன் அங்கே வீடு கட்டி நிம்மதியாக இருக்க முடியாது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் டச்சு வழிவந்த குடியேறிகளும், அவர்களோடு மென்னோனைட் கிறிஸ்தவர்களும் வந்து வாய்க்கால் வெட்டி, கரை போட்டு அந்தச் சேற்றை வயலாக்கினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அந்த வசதி இல்லை. ஆற்று வணிகம் வேண்டும், ஆற்றின் வெள்ளம் வேண்டாம் என்பவன் மேட்டின் விளிம்பில்தான் ஏற வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுவே விடை.

இன்னொரு நில உண்மையும் நினைவில் இருக்கட்டும். மேற்கிலும் தெற்கிலும் விஸ்துலா, தென்கிழக்கில் த்ருவென்ட்சா, வடக்கில் ஓசா. இந்த மூன்று ஆறுகளுக்கு நடுவே அகப்பட்ட நிலம்தான் ஹெவ்ம்னோ நாடு. எல்லையை மனிதர் கோடு போட்டு வகுக்கவில்லை, ஆறுகளே வகுத்துவிட்டன. கீழே சாசனத்தில் இந்த மூன்று ஆறுகளும் மறுபடி வரும்.

இப்போது முதல் இடம். இன்றைய நகரத்துக்குத் தென்மேற்கே நாலைந்து கிலோமீட்டரில் கவ்துஸ் என்றொரு கிராமம். அங்கே புனித லாரன்ஸ் குன்று என்று ஒரு மேடு, அடிவாரத்தில் ஓர் ஏரி. குன்றின் வெயில்படும் சரிவில் தென்கிழக்கு ஐரோப்பியப் புல்வெளிகளில் காணும் செடிகள் வளர்வதால் அது இயற்கைக் காப்பிடமாகவும் இருக்கிறது. வரலாற்றுக்காரர்களை இழுப்பது வேறு. போலந்தின் முதல் அரச வம்சமான பியாஸ்ட் மன்னர்கள் காலத்து மண்கோட்டை, அதைச் சுற்றிய பெரிய குடியிருப்பு, நூற்றுக்கணக்கான கல்லறைகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் ரோமனெஸ்க் என்ற இடைக்காலக் கட்டடப் பாணியில் கல்லால் தொடங்கப்பட்ட ஒரு பேராலயத்தின் அடித்தளம். தோருன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 1990-களின் நடுவிலிருந்து முறையாகத் தோண்டி இவற்றை வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆலயம் 11-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது, முடிக்கப்படவேயில்லை என்பது அவர்கள் முடிவு. மரமும் மண்ணும் கொண்டே எல்லாம் கட்டிய நாட்டில் கல் ஆலயம் எழுப்ப நினைத்தவன் சாதாரணத் தலைவனாக இருக்க முடியாது. மன்னன் இரண்டாம் மியெஷ்கோவின் ஆட்சி 1030-களில் குலைந்தபோது வேலை நின்றிருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஊகம் என்பதற்கு மேல் அதற்கு எடை கொடுக்க மாட்டேன்.

உங்கள் கையேடு சொல்லும் 1065 இங்கேதான் வருகிறது. துணிச்சல்கார பொலெஸ்வாவ் என்று பெயர்பெற்ற அரசன் மொகில்னோ மடத்துக்குச் சில கோட்டைகளின் வருமானத்தில் பங்கு கொடுத்ததாக அந்த ஆண்டைத் தாங்கிய ஓர் ஆவணம் இருக்கிறது. அந்தக் கோட்டைகளில் இதுவும் ஒன்று. சிக்கல் என்னவென்றால், நம் கையில் இருக்கும் ஏடு 1065-ஐச் சேர்ந்ததல்ல, பிற்காலத்தில் ஆக்கப்பட்டது. உள்ளடக்கம் பழைய உண்மையான பட்டியலிலிருந்து வந்திருக்கலாம் என்று பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயரில் ஒரு கோட்டை இருந்தது என்பதற்கு அதைத் துணைச்சான்றாக எடுக்கலாம், கவ்துஸ் மண்ணும் அதையே சொல்கிறது. பிறந்த ஆண்டாக 1065-ஐ எழுதுவது தவறு.

1222-க்கு வருவோம். மசோவியாவின் கோமகன் கோன்ராட் பிரஷ்யர்களுக்கான ஆயர் கிறிஸ்டியனுக்கு இந்த நாட்டில் நிலம் கொடுத்த ஒப்பந்தம், வோவிச் என்ற ஊரில் எழுதப்பட்டது. ஹெவ்ம்னோக் கோட்டை பிரஷ்யர்களால் பல ஆண்டுகளாகப் பாழ்பட்டுக் கிடக்கிறது என்றும், சிலுவைப் போருக்கு வந்த சைலீசியக் கோமகன் ஹென்றியும் கூட வந்தவர்களும் அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றும் அதில் வருகிறது. இந்த ஏட்டிலும் பிற்காலக் கைகள் சில வரிகளைச் சேர்த்திருக்கும் என்று ஐயப்படுவோர் உண்டு. அப்படியே நம்பினாலும் இது பிறப்புச் சான்று ஆகாது. பாழான ஒன்றைப் பழுதுபார்க்கும் ஏற்பாடு அது. பிரஷ்யர்கள் என்றதும் பிற்கால ஜெர்மன் பிரஷ்யாவை நினைக்க வேண்டாம். இவர்கள் லித்துவேனியர்களுக்கு உறவான மொழி பேசிய, கிறிஸ்தவம் ஏற்காத பழங்குடிகள்.

கோன்ராடால் தனியாக அவர்களைச் சமாளிக்க முடியவில்லை. பாலஸ்தீனத்தில் தோன்றிய ஜெர்மன் வீரத்துறவிகளின் சபையை, டியூட்டானிக் சபை என்று நாம் வாசிக்கும் அதையே, உதவிக்கு அழைத்தார். அழைத்தார் என்பது உறுதி. எந்த நிபந்தனையில் அழைத்தார் என்பதில்தான் இரண்டு நூற்றாண்டுச் சண்டை. நாட்டை முழு உரிமையோடு சபைக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் 1230-இன் குருஷ்விட்சா ஒப்பந்தத்தின் மூல ஏடு கிடைக்கவில்லை. அது பொய் ஆவணம் என்று போலந்து வரலாற்றாசிரியர்களும், உண்மையானது என்று ஜெர்மன் வரலாற்றாசிரியர்களும் நெடுங்காலம் வாதிட்டார்கள். இரு தரப்பிலும் ஆதாரத்தோடு நாட்டுப்பற்றும் கலந்திருந்தது. புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக் சபையின் உரிமையை உறுதிசெய்து ரிமினியில் கொடுத்த பொன் முத்திரைச் சாசனம் 1226 என்று தேதியிட்டிருக்கிறது, உண்மையில் அது 1235-இல் எழுதப்பட்டது என்பாரும் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரைக்கு இந்தப் பூசல் வேண்டாமென்றால் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகலாம்: கோன்ராட் அழைத்தார், சபை வந்தது, வந்தவர்கள் திரும்பிப்போகவில்லை.

வந்தவர்களின் தலைவர் ஹெர்மன் பால்க். 1231-இல் ஆற்றைக் கடந்து தோருனில் கால் ஊன்றினார், மறு ஆண்டு ஹெவ்ம்னோ. அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று, சபையின் பெருந்தலைவர் ஹெர்மன் ஃபான் சால்சா பெயரிலும் பால்க் பெயரிலும் தோருன், ஹெவ்ம்னோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாசனம் வெளிவந்தது. மூல ஏடு போரிலும் தீயிலும் போயிற்று. சபை 1251 அக்டோபர் 1 அன்று சில மாற்றங்களோடு அதைப் புதுப்பித்துக் கொடுத்தது.

இந்தச் சாசனத்தை நீங்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். மன்னன் பெருமை பாடும் வறட்டு ஏடு அல்ல அது. காட்டு எல்லையில் ஒரு புதுச் சமூகத்தை ஓட்டிக் காட்ட என்னென்ன தேவை என்று எண்ணிப் பார்த்தவர்கள் எழுதியது. நீதிபதியைக் குடிமக்களே ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பார்கள். தீர்ப்புக்கு ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரச் சட்டம், ஆனால் தண்டத் தொகை பாதி. அங்கே 60 ஷில்லிங் கட்ட வேண்டிய குற்றத்துக்கு இங்கே 30. குடியேற ஆள் வேண்டுமே! சொத்து ஃப்ளெமிஷ் சட்டப்படி ஆண் வாரிசுக்கும் பெண் வாரிசுக்கும் போகும். நாடெங்கும் ஒரே நாணயம், பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் மாற்றுவார்கள், பழைய 14 காசுக்குப் புதிய 12. சுங்கம் கிடையாது. ஏரிகள், பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்குகள், உப்பு ஊற்று, பொன், வெள்ளி, இவற்றோடு இரும்பு நீங்கலாக மற்ற எல்லா உலோகங்களும் சபைக்கே சொந்தம். பொன் கிடைத்தால் கண்டவனுக்கு சைலீசிய வழக்கப்படி உரிமை, வெள்ளிக்கு சாக்ஸனிச் சுரங்க நகரமான ஃப்ரைபெர்க்கின் வழக்கப்படி. இந்த மண்ணில் பொன்னும் இல்லை வெள்ளியும் இல்லை. கிடைத்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்த முன்யோசனையை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

சபை தன் கையையும் கட்டிக்கொண்டது. நகரங்களுக்குள் சபை எந்த வீட்டையும் விலைக்கு வாங்காது, யாராவது தானமாகக் கொடுத்தால் மற்றக் குடிமக்களைப் போலவே அந்த வீட்டின் கடமைகளைச் செய்யும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நிலம் வைத்திருப்பவன் படைக்கு வர வேண்டும். 40 ஹூஃபே (ஒரு ஹூஃபே என்பது ஒரு குடும்பத்தின் உழவு நிலம்) நிலத்துக்கு மேல் இருந்தால் முழுக் கவசம், போர்வை போர்த்திய குதிரை, கூட இரண்டு குதிரைவீரர்கள். குறைவாக இருந்தால் லேசான கவசமும் ஒரு குதிரையும் போதும். அந்தக் கடமைக்கும் எல்லை உண்டு. பக்கத்து பொமெசானிய பிரஷ்யர்கள் அடங்கிய பிறகு தூரப் படையெடுப்புக்கு வர வேண்டியதில்லை, விஸ்துலாவுக்கும் ஓசாவுக்கும் த்ருவென்ட்சாவுக்கும் நடுவே நாட்டைக் காத்தால் போதும். அதே மூன்று ஆறுகள்தான் இன்னொரு விதியிலும் வருகின்றன: இந்த ஆறுகளுக்கு இடையே இருக்கும், இனி எழப்போகும் நகரங்களில் எதிலாவது தீர்ப்பில் ஐயம் வந்தால் ஹெவ்ம்னோ நகரசபையைக் கேட்க வேண்டும், ஏனெனில் இதுவே தலைமை நகரம்.

இந்தத் தலைமை வெறும் பேச்சில் நிற்கவில்லை. 'குல்ம்' என்பது ஊரின் ஜெர்மன் பெயர், அதிலிருந்து குல்ம் சட்டம் என்றே அந்த விதித்தொகுப்புக்குப் பெயர் வந்தது. கோனிக்ஸ்பெர்க்கின் பழைய நகரத்துக்கு 1286-இல், க்தான்ஸ்க்கின் தலைமை நகரத்துக்கு 1340-களின் தொடக்கத்தில், பிறகு மசோவியாவில் வார்சாவுக்கும் இதே சட்டம். 1476-இல் மன்னன் காஸிமிர் போலந்து ஆட்சிக்குட்பட்ட பிரஷ்யா முழுவதற்கும் இதைப் பொதுவாக்கினார். எல்பிளாங் போன்ற சில ஊர்கள் மட்டும் ஜெர்மன் துறைமுக நகரமான லூபெக்கின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டன. கணவனோ மனைவியோ இறந்தால் மற்றவருக்குச் சொத்தில் பாதி என்ற வழக்கம் பிரஷ்யாவில் பரவியதும் இந்தச் சட்டத்தோடுதான்.

என் துறைக்குப் பக்கத்தில் வரும் ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. சந்தைத் திடலின் நடுவே நிற்கும் நகரமன்றம் 1570 வாக்கில் மறுமலர்ச்சிப் பாணியில் கட்டிமுடிக்கப்பட்டது. மேலே பல்வரிசை போன்ற அலங்காரச் சுவர், வெள்ளைப் பூச்சு, எல்லோரும் படம் எடுப்பது அந்த முகப்பைத்தான். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் சுவரில் ஒரு நீண்ட இரும்புக் கோல் பொருத்தியிருப்பதைப் பார்க்கலாம். நீளம் சுமார் 4.35 மீட்டர். ஹெவ்ம்னோக் கோல் என்பது அதுதான். ஒரு கோல் சதுரம் முந்நூறு சேர்ந்தால் ஒரு மோர்கா, முப்பது மோர்கா சேர்ந்தால் ஒரு வான், அதாவது சாசனம் சொல்லும் ஹூஃபே, ஏறக்குறைய 17 ஹெக்டேர், ஒரு குடும்பத்தின் உழவு நிலம். மனை வாங்கியவனோ வயலை அளந்தவனோ தகராறு என்று வந்தால் தன் கோலைக் கொண்டுவந்து இந்த இரும்போடு வைத்துப் பார்க்கலாம். பொது இடத்தில், பகலில், எல்லோர் முன்னாலும். சட்டம் பரவிய இடமெல்லாம் இந்த அளவும் கூடவே பரவியது. வடபோலந்தில் பல கிராமங்களின் வயல் எல்லைகளைப் பழைய வரைபடத்தில் அளந்தால் இன்றும் இந்தக் கோலின் மடங்குகள் வரும். அந்தக் கணக்கை மாணவர்களைப் போடச் சொல்வது என் வழக்கம்.

சரி, இடமாற்றம். சபையின் முதல் நகரம் அமைந்தது இன்று ஸ்தாரோகுருத் எனப்படும் கிராமத்தில் என்பதே பெரும்பாலோர் கருத்து. கவ்துஸுக்குச் சற்றுத் தென்மேற்கே, அதே மேட்டு விளிம்பில் இருக்கிறது. பழைய கவ்துஸ் கோட்டையில்தான் முதலில் இறங்கினார்கள், பிறகே ஸ்தாரோகுருத் என்று வரிசைப்படுத்துவோரும் உண்டு. அங்கிருந்து இன்றைய மேட்டுக்கு எப்போது நகர்ந்தது? 1250-களின் தொடக்கம் என்பது வழக்கமான கணிப்பு, 1253 என்ற எண் அங்கிருந்து வருகிறது. ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்கள் என்பதால் ஒற்றை ஆண்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் குடி மாறிவிட்டது என்பது மட்டும் உறுதி. மாதா பேராலயம் 1280-க்கும் 1320-க்கும் நடுவே எழுந்தது, வீட்டார் இல்லாத இடத்தில் அவ்வளவு செங்கல் அடுக்க மாட்டார்கள்.

ஏன் நகர்ந்தார்கள் என்பதற்கு ஏட்டில் காரணம் எழுதவில்லை. 1240-களில் பொமரேனியக் கோமகன் ஷ்வியென்டோபெவ்க் என்பவருக்கும் சபைக்கும் நடந்த போரில் ஊர் கடுமையாக அடிபட்டது என்பது தெரியும். 1244-இல் நடந்த ஒரு தோல்வியில் ஆண்கள் அத்தனை பேர் மடிந்ததால், விதவைகள் தங்கள் பணியாட்களையே மணந்துகொள்ளலாம் என்று ஆயர் கேட்டுக்கொண்டதாகச் சபையின் குருவானவர் ஒருவர் 1326-இல் முடித்த வரலாற்றில் எழுதியிருக்கிறார். தெருவில் சூதுக்காய் உருட்டிக்கொண்டிருந்த ஓர் ஏழைப் பையனைப் பணக்கார விதவை ஒருத்தி கூட்டிப்போய், குளிப்பாட்டி, உடை கொடுத்து மணந்தாள் என்று கதை போகிறது. எண்பது ஆண்டுக்குப் பின் எழுதியது, நீதிக்கதை வாசனை அடிக்கிறது. ஆள் பஞ்சம் மட்டும் நிஜமாக இருந்திருக்கும். அதோடு நிலத்தைப் பார்க்கிற கண்ணுக்குத் தோன்றுவது, ஸ்தாரோகுருத் மேடு கோட்டைக்குப் போதும், சந்தைத் திடலும் நேர்த்தெருக்களும் ஐந்தாறு தேவாலயங்களும் கொண்ட நகரத்துக்குப் போதாது. இன்றைய மேடு அகலமானது. அங்கே வந்தபின்தான் பெரிய செவ்வகத் திடல், அதிலிருந்து செங்கோணத்தில் பிரியும் தெருக்கள், ஒரே அளவு மனைகள் என்று கயிறு பிடித்துத் திட்டமிட முடிந்தது. சுற்றிவர இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் செங்கல் மதில் இன்றும் ஏறக்குறைய முழுதாக நிற்கிறது, போலந்தில் அது அபூர்வம்.

நிறுவியவர் யார் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கேட்காதீர்கள். நிலம் போலந்துக் கோமகனுடையது, சாசனம் ஜெர்மன் சபையுடையது, சட்டம் மாக்டபுர்க்கிலிருந்தும் ஃப்ளாண்டர்ஸிலிருந்தும் வந்தது, குடியேறிய நகரத்தார் பெரும்பாலும் சைலீசியா, சாக்ஸனி பக்கத்து ஜெர்மன் மொழிக்காரர்கள். அவர்கள் வெற்று நிலத்துக்கு வரவில்லை என்பதற்குச் சாசனமே சாட்சி. ஆயருக்குச் செலுத்தும் தானியத்தில் ஜெர்மன் கலப்பைக்கு ஒரு மரக்கால் கோதுமையும் ஒரு மரக்கால் ரை தானியமும், போலந்துக் கலப்பைக்குக் கோதுமை மட்டும் என்று அது பிரித்துச் சொல்கிறது. உழுகிறவன் இல்லாத கலப்பைக்கு யாரும் வரி எழுத மாட்டார்கள்.

தலைமை நகரம் என்று எழுதிவைத்தும் ஊர் ஏன் சிற்றூராகவே நின்றது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வணிகர்களுக்கு ஏட்டைவிடத் துறைமுகம் முக்கியம். தோருன் ஆற்றின் கடவிலேயே உட்கார்ந்திருந்தது, ஹெவ்ம்னோ மேட்டின் மேல் இருந்தது. சபையின் பெருந்தலைவர் 1309-இல் வந்து அமர்ந்தது மால்போர்க்கில். மறைமாவட்டத்துக்கு ஹெவ்ம்னோவின் பெயர், ஆனால் ஆயரின் பேராலயம் தெற்கே ஹெவ்ம்ழா என்ற வேறோர் ஊரில். 1386-இல் திருத்தந்தை ஆறாம் உர்பன் இங்கே பல்கலைக்கழகம் தொடங்க அனுமதி கொடுத்தார், தொடங்கவேயில்லை. போலந்துக்கும் சபைக்கும் நடந்த பதின்மூன்றாண்டுப் போரில் சபையின் கூலிப்படைத் தலைவன் ஒருவன் 1457-இல் நகரத்தைப் பிடித்தான். 1466-இல் இந்த நாடு போலந்துக்கு வந்த பிறகும் பல ஆண்டுகள் அவன் கையை விட்டுப் போகவில்லை. 1505-இல் மன்னன் அலெக்சாண்டர் ஊரை ஆயர்களுக்கே கொடுத்துவிட்டார். 1772-இல் பிரஷ்ய அரசு எடுத்துக்கொண்டது, 1920-இல் திரும்பப் போலந்து. இன்று மக்கள்தொகை இருபதாயிரத்துக்குச் சற்றுக் கீழே. வளராமல் போனதால்தான் மதிலை இடிக்கும் தேவையும் வரவில்லை.

தேடும்போது ஒன்றில் மிகக் கவனமாக இருங்கள். நாஜிகள் 1941 டிசம்பரில் கொலைமுகாம் தொடங்கிய ஹெவ்ம்னோ இதுவல்ல. அது நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, நேர் என்ற ஆற்றின் கரையில் இருக்கும் கிராமம். படங்களும் ஆண்டுகளும் கலந்து கிடக்கின்றன, மொழிபெயர்ப்புக் கருவிகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. லூப்ளின் பக்கத்து ஹெவ்ம் இன்னொரு ஊர். விஸ்துலாக் கரை, தோருனுக்கு வடக்கே என்று சரிபார்த்துக்கொண்டு எடுங்கள். இந்த ஊரில் பிறந்தவர்களில் ஜெர்மன் தளபதி குடேரியனும் (1888), பிறகு ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை வழிநடத்திய கூர்ட் ஷூமாகரும் (1895) உண்டு. போலந்து அறுவை மருத்துவர் லுத்விக் ரிடிகியர் 1880-இல் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் அறுவையைச் செய்தது இங்கே இருந்த தம் மருத்துவமனையில்தான், உலகில் அது இரண்டாவது முயற்சி. சமீப ஆண்டுகளில் மாதா பேராலயத்தில் இருக்கும் புனித வாலண்டைன் திருப்பண்டத்தை வைத்துக் காதலர் நகரம் என்று ஊரை விளம்பரப்படுத்துகிறார்கள். பிப்ரவரி 14-இல் போனால் கூட்டம் இருக்கும்.

நேரில் போகும் எண்ணம் இருந்தால் ஸ்தாரோகுருத், கவ்துஸ், நகரம் என்று ஆற்றின் போக்கிலேயே வாருங்கள். மூன்றும் ஒரே மேட்டு விளிம்பில் இருப்பதால் மிதிவண்டியில் ஒரு பகலில் முடியும். கவ்துஸில் குன்றின் மேல் ஏறி ஆற்றுப் பக்கம் பார்த்தால், எந்த ஆண்டு என்று எழுதுவதைவிட எந்த இடம் என்று முதலில் எழுத வேண்டும் என்று நான் சொல்வது ஏன் என்று புரியும். கட்டுரையில் எண் ஒன்றுதான் போட முடியும் என்றால் 1233 போடுங்கள், பக்கத்தில் 'ஸ்தாரோகுருத்' என்று அடைப்புக்குள் சேர்த்துவிடுங்கள்.